மருந்து அதிகாரமும் மார்பகப் புற்றுநோய்ச் சோதனைகளும்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய மருந்து, மேடைகளில் மிகுதியும் எடுத்தாளப்படும் அதிகாரங்களுள் ஒன்று. ஆயினும் அதன் பத்துக் குறள்களும் ஒருங்கே எடுத்தாளப்படுவதில்லை. நோயை ஆராய்ந்து, நோயின் காரணத்தை ஆராய்ந்து, அதனைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்று கூறும் எட்டாம் குறள் ஒன்றே நாவில் நிற்கின்றது. தமிழ்ப்பள்ளி மாணவனின் கட்டுரை முதல் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்து நலவாழ்வுச் சொற்பொழிவு வரை, உடல்நலம் பற்றிய பேச்சென்றால் அக்குறளே முந்தி வருகின்றது. அதனை அடுத்து நிற்கும் ஒன்பதாம் குறளோ உரைநூல்களுள் உறங்கிக் கிடக்கின்றது.

ஒரு குறளைத் தனித்தெடுத்து ஆளுவது இலக்கியப் பயிற்சியில் நேரும் சிறு குறை என்று விட்டுவிடலாம். ஆனால் எட்டாம் குறள் இக்காலத்தில் வேறொரு வழக்கிற்கும் சான்றாக அழைக்கப்படுகின்றது. வள்ளுவரே மும்முறை ஆராயச் சொன்னார். ஆகவே சோதனைகள் எத்துணை மிகுகின்றனவோ அத்துணை நன்மை என்னும் எண்ணம் படித்தவரிடையே வேரூன்றியுள்ளது. மலேசியப் பெண்களை மிகுதியும் தாக்கும் புற்றுநோயாகிய மார்பகப் புற்றுநோயில் அவ்வெண்ணம் எங்குக் கொண்டு சேர்க்கின்றது என்று பார்த்தால், குறளைப் பாதியாகப் படிப்பதன் விலை தெரியவரும்.

முதலில் அதிகாரத்தின் அமைப்பை நோக்குதல் தகும். உடலின் கூறுகள் மிகுந்தாலும் நோய், குறைந்தாலும் நோய் என்பதே தொடக்கக் குறளின் கருத்து. அடுத்து வரும் ஆறு குறள்களும் உணவைப் பற்றியன. அவற்றுள் மூன்றாவதும் ஏழாவதும் 'அளவு' என்னும் சொல்லைக் கொண்டுள்ளன. பின்னர் எட்டாம் குறள் வருகின்றது. அதனைத் தொடரும் ஒன்பதாம் குறளில் 'அளவு' இருமுறை பயில்கின்றது: நோயாளியின் அளவு, நோயின் அளவு, இவற்றோடு காலத்தையும் கருதி மருத்துவன் செயற்படவேண்டும் என்பது அதன் பொருள். ஆராய்ச்சியை வற்புறுத்தும் குறள், அளவை வற்புறுத்தும் இரு குறள்களுக்கு நடுவே நிற்கின்றது. இவ்வைப்புமுறை தற்செயலாக நேர்ந்ததென்று கொண்டாலும், அதிகாரத்தை முழுமையாகப் படிப்பவர் எட்டாம் குறளை 'வரம்பின்றி ஆராய்க' என்று பொருள்கொள்ள இடமில்லை.

பரிமேலழகர் உரையும் இதற்குத் துணை நிற்கின்றது. எட்டாம் குறளில், நோயை அதன் குறிகளைக் கொண்டு துணிவதையே அவர் பேசுகின்றார். ஒன்பதாம் குறளுரையில் நோயின் அளவை விளக்கும்போது, தீரக்கூடியது, தீராதது என்னும் வேறுபாட்டோடு தொடக்கம், நடு, முடிவு என்னும் பருவ வேறுபாட்டையும் கூறுகின்றார். புற்றுநோயை நான்கு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஏற்ற மருத்துவத்தை வகுக்கும் இன்றைய முறைக்கு இவ்வுரை வியப்பூட்டும் அளவு அணுக்கமாக உள்ளது. பழைய நூலில் புதிய அறிவியல் முழுவதும் அடங்கியிருந்தது என்று மார்தட்டுவதற்காக இது கூறப்படவில்லை. அத்தகைய பெருமைப் பேச்சு தமிழுக்கு ஆக்கம் தருவதன்று. நோயின் பருவம் அறியாமல் மருத்துவம் இல்லை என்னும் பொதுவுண்மையை இரண்டும் வெவ்வேறு வழிகளில் கண்டன என்பதே போதும்.

இனி நோயின் அளவுக்கு வருவோம். மார்பகத்தில் கட்டியொன்று காணப்பட்டால் சில சோதனைகள் தவிர்க்கவே இயலாதவை. மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், திசுச் சோதனை, எடுத்த திசுவில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் உள்ளனவா என்னும் ஆய்வு ஆகியவை அவ்வகையின. இவையின்றி எந்த மருந்து பயன்தரும் என்பதை எவராலும் சொல்ல இயலாது. ஆயினும் முதலிரு கட்டங்களில் உள்ள, எலும்பு வலியோ மூச்சுத்திணறலோ பிற குறியோ இல்லாத ஒரு பெண்ணை, நோய் வேறெங்கேனும் பரவியிருக்குமோ என்னும் ஐயத்தால் மட்டுமே எலும்பு ஸ்கேன், சி.டி. ஸ்கேன், பெட் ஸ்கேன் என்று ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது வேறு. 2001-இல் கனடா நாட்டு மருத்துவர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எலும்பு ஸ்கேன் வழியாக எலும்பில் நோய் பரவியிருந்தமை கண்டறியப்பட்டவர்கள் முதற்கட்ட நோயாளிகளுள் 0.5 விழுக்காடு, இரண்டாம் கட்டத்தில் 2.4 விழுக்காடு, மூன்றாம் கட்டத்தில் 8.3 விழுக்காடு. முதற்கட்டத்துப் பெண்கள் ஆயிரவருள் ஐவர்க்காகத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைவர் அச்சோதனைக்கு ஆளாகின்றனர். அதே சோதனை மூன்றாம் கட்டத்தில் பொருளுடையதாகி விடுகின்றது. சோதனை நல்லதா தீயதா என்று வினவுவது பிழையான வினா என்பதற்கு இவ்வெண்களே சான்று. எந்தப் பருவத்து நோய்க்கு என்பதே வினா.

அமெரிக்காவில் 2012-இல், 'அறிந்து தேர்க' என்று தமிழில் சொல்லத்தக்க இயக்கம் ஒன்று தொடங்கப்பெற்றது. ஒவ்வொரு துறை மருத்துவரும் தம் துறையிலேயே பயனின்றிச் செய்யப்படுவன எவை என்று தாமே பட்டியலிட வேண்டும் என்பது அதன் முறை. அந்நாட்டுப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் அளித்த முதல் ஐந்தனுள் இரண்டு மார்பகப் புற்றுநோய் பற்றியவை. பரவும் வாய்ப்புக் குறைந்த தொடக்கநிலை நோய்க்கு மேற்சொன்ன ஸ்கேன்கள் வேண்டா என்பது ஒன்று. மருத்துவம் முடிந்து, குறியேதும் இன்றி வாழும் பெண்களுக்கு ஸ்கேன்களும் புற்றுக் குறியீட்டு இரத்தச் சோதனைகளும் வழக்கமாகச் செய்யவேண்டா என்பது மற்றொன்று. இந்தியாவிலும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பைச் சார்ந்த மருத்துவர்கள் 2019-இல், புற்றுநோய் மருத்துவத்தில் தவிர்க்கவேண்டிய பத்துச் செயல்களைப் பட்டியலிட்டு வெளியிட்டனர். தம் வருவாய்க்கு வழியாகக்கூடிய ஒன்றையே வேண்டாவென்று மருத்துவர்கள் தாமே எழுதிவைத்தமை பாராட்டிற்குரியது.

எழுதிவைத்தல் வேறு, நடத்தல் வேறு. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 2007 முதல் 2012 வரை தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய் கண்ட 26,547 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. தேவையில்லை என்று வழிகாட்டி நூல்கள் கூறியிருந்தும், முதற்கட்டத்துப் பெண்களுள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரும் இரண்டாம் கட்டத்தினருள் ஏறத்தாழ 93 விழுக்காட்டினரும் பரவலைத் தேடும் படச்சோதனை ஒன்றையேனும் செய்துகொண்டிருந்தனர். நடந்த சோதனைகள் மொத்தம் 83,249. அரசே மருத்துவச் செலவை ஏற்கும் நாட்டில் இந்நிலை. ஆகவே, இலாப நோக்கம் ஒன்றே இதற்குக் காரணம் என்று தனியார் மருத்துவமனைகளை மட்டும் குறைகூறுவது எளிய வழியேயன்றி முழு உண்மையன்று. சோதனை செய்யாமல் விட்டுப் பின்னர் நோய் வெளிப்பட்டால் மருத்துவர்மீது பழிவரும். செய்து ஒன்றும் காணாவிடில் அனைவரும் மகிழ்வர். நோயாளியும் கேட்கின்றாள், உறவினரும் கேட்கின்றனர். வேண்டா என்று விளக்க அரைமணி நேரம் வேண்டும். வேண்டும் என்று எழுத அரை நிமிடம் போதும். நீண்ட வரிசை காத்திருக்கும் மருத்துவமனையில் எது நிகழும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

நோயின் அளவைவிடக் காலத்தின் அளவே உணர்தற்கு அரியது. மருத்துவம் முடிந்த பெண் ஆறு திங்களுக்கு ஒருமுறை உடல் முழுவதையும் சோதித்துக்கொண்டால் நோய் திரும்பும்போதே பிடித்துவிடலாம், முன்னரே பிடித்தால் உயிர் பிழைக்கலாம் என்பது எவர்க்கும் இயல்பாகத் தோன்றும் வாதம். இத்தாலியில் இரு பெரும் ஆய்வுகள் இவ்வாதத்தைச் சோதித்து, 1994-இல் முடிவை வெளியிட்டன. ஓர் ஆய்வில் 1,320 பெண்கள். ஒரு பிரிவினர்க்கு எலும்பு ஸ்கேன், கல்லீரல் அல்ட்ராசவுண்ட், மார்பு எக்ஸ்ரே, இரத்தச் சோதனைகள் முறையாகச் செய்யப்பட்டன. மற்றப் பிரிவினர்க்கு மருத்துவர் நேரிற் பார்த்து, குறி தோன்றினால் மட்டுமே அச்சோதனைகள். மேமோகிராம் இருவர்க்கும் உண்டு. ஏறத்தாழ ஆறாண்டுகளுக்குப் பின் இறந்தோர் முதற்பிரிவில் 20 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 18 விழுக்காடு. 1,243 பெண்களைக் கொண்ட மற்றோர் ஆய்வில், ஆறு திங்களுக்கு ஒருமுறை எடுத்த எக்ஸ்ரேயும் எலும்பு ஸ்கேனும் நுரையீரலிலும் எலும்பிலும் திரும்பிய நோயை முன்கூட்டியே காட்டத்தான் செய்தன. எனினும் ஐந்தாண்டு இறப்பு விகிதம் மாறவில்லை. முன்னரே அறிந்தமையால் வாழ்நாள் நீளவில்லை. அறிந்து வருந்திய நாட்களே நீண்டன.

1994-இன் மருந்துகள் வேறு, இன்றைய மருந்துகள் வேறு. ஆகவே அம்முடிவு இன்று செல்லாது என்று கூறுவோர் உளர். ஒதுக்கத்தக்க வாதமன்று அது. ஆனால் புதிய மருந்துகளால் நிலை மாறிற்று என்பது மெய்ப்பிக்கப்படவேண்டிய கூற்று. மெய்ப்பிக்கப்படும் வரை, மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டி நூல்கள் இன்றும் கூறுவது ஆண்டுதோறும் மேமோகிராமும், மருத்துவரின் நேர்ப் பார்வையும், நோயாளி சொல்லும் குறிகளைச் செவிகொடுத்துக் கேட்டலுமே. விலைகுறைந்த இம்மூன்றும் பார்வைக்கு எளியனவாக இருத்தலால் மதிப்புக் குறைந்தனவாகத் தோன்றுவது மனித இயல்பு போலும்!

பயனில்லை என்பதோடு முடிந்துவிட்டாலும் தாழ்வில்லை. பொருள் மட்டுமே போனதென்று ஆறுதல் கொள்ளலாம். பழைய எலும்பு முறிவும் மூட்டுத் தேய்வும் எலும்பு ஸ்கேனில் ஒளிவிடும். சி.ஏ. 15-3 என்னும் இரத்தக் குறியீடு, புற்றுநோயே இல்லாத கல்லீரல் நோயிலும் உயரக்கூடும். ஐயம் தோன்றிவிட்டால் அதனைத் தெளிய இன்னொரு சோதனை, அதன் ஐயத்தைத் தெளிய ஒரு திசுச் சோதனை என்று தொடர் நீளும். 'புற்று' என்னும் தமிழ்ச் சொல் ஈண்டு நினைவிற்கு வருகின்றது. புற்றைக் கண்டவர் உள்ளே பாம்பு உண்டென்று அஞ்சுவர். அதற்காக ஊரிலுள்ள மேடுகளையெல்லாம் வெட்டிப் பார்ப்பவர் எவருமிலர். நலமாய் இருக்கும் பெண்களுக்கு விற்கப்படும் 'முழு உடல் சோதனை'த் தொகுப்புகளில் இக்குறியீட்டுச் சோதனைகளையும் சேர்த்துவைப்பது அவ்வாறு மேடுகளை வெட்டும் செயலே. மார்பகப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே காண அவ்விரத்தச் சோதனை உதவுவதில்லை. அது சரியாக இருக்கின்றது என்னும் சொல்லை நம்பி மேமோகிராமைத் தவிர்ப்பவள் இருமடங்கு இழக்கின்றாள்.

'சோதனை' என்னும் சொல்லும் கருதத்தக்கது. ஆய்வு, துன்பம் என்னும் இரு பொருளும் அதற்கு உண்டு. காலம் சோதிக்கின்றது என்றும் தெய்வம் சோதிக்கின்றது என்றும் பேசும் மொழி இது. முடிவுத்தாள் கையில் வரும்வரை உறக்கமின்றிக் காத்திருக்கும் ஒருத்திக்கு அவ்விரு பொருளும் ஒன்றாகிவிடுவதைத் தமிழாசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துச்சொல்ல ஓர் இடம் உண்டு.

மூன்றாவதாக நோயாளியின் அளவு. பரிமேலழகர் இதனுள் பருவம், வலிமை முதலியவற்றை அடக்குவார். இக்காலத்திற்கு அவற்றோடு பொருள்நிலையையும் சேர்த்தெண்ணுவது பொருந்தும். மலேசியா உட்பட எட்டுத் தென்கிழக்காசிய நாடுகளில் 9,513 புற்றுநோயாளிகளை ஓராண்டு தொடர்ந்து ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவு கலக்கம் தருவது. நோய் அறியப்பட்ட ஓராண்டிற்குள் 29 விழுக்காட்டினர் இறந்தனர். 48 விழுக்காட்டினர் பொருளாதாரப் பேரிடருக்கு ஆளாயினர். குடும்பத்தின் ஆண்டு வருவாயில் 30 விழுக்காட்டிற்கு மேல் கைப்பணம் செலவாவதையே அவ்வாய்வு பேரிடர் என்றது. உயிரோடும் பொருளோடும் தப்பியவர்கள் நால்வரில் ஒருவருக்கும் குறைவே.

மலேசிய அரசு மருத்துவமனையில் நிபுணரைக் காணக் குடிமகளுக்குக் கட்டணம் ஐந்து வெள்ளி. அதனால் ஏழைக்கு இச்சிக்கல் இல்லை எனலாமா? கிள்ளானில் கூலிவேலை செய்யும் ஒரு பெண் சோதனைக்காகத் தலைநகருக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஒருநாட் கூலி இழப்பு. துணைக்கு வருபவரின் கூலியும் அவ்வாறே. அரசு மருத்துவமனையின் வரிசை நீளமென்று அஞ்சித் தனியாரிடம் சென்றால், ஆயிரக்கணக்கான வெள்ளி ஒரே நாளில் கரையும். அதன் பொருட்டு ஊழியர் சேமநிதியில் கைவைக்கும் குடும்பங்கள் உண்டு. பின்னர் உண்மையாகவே மருந்துக்குப் பணம் வேண்டும்போது அந்நிதியில் மிஞ்சியிருப்பது குறைவு. வரிசையின் நீளத்திற்கும் காரணம் வேறெங்கோ இல்லை. தேவையற்ற ஸ்கேனுக்கு ஒருத்தி அமர்ந்திருக்கும் அவ்வேளை, மூன்றாம் கட்டத்தில் இருக்கும் இன்னொருத்தியின் வேளை.

இவ்விடத்தில் ஒரு தடை எழுவது இயல்பு. சோதனையைக் குறைக்கச் சொல்லும் பேச்சு, ஏற்கெனவே மருத்துவமனை வாயிலை மிதிக்க அஞ்சும் பெண்களை இன்னும் பின்னடையச் செய்யாதா? இவ்வச்சம் நியாயமானது. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2007–2011 காலத்தில் மார்பகப் புற்றுநோயாளிகளுள் மூன்றாம், நான்காம் கட்டங்களில் கண்டறியப்பட்டோர் 43.2 விழுக்காடு, 2012–2016 காலத்தில் அது குறையாமல் 47.9 விழுக்காடாக ஏறிற்று. 2018-இல் வெளியான நாட்டளாவிய ஆய்வு, முதற்கட்டத்தில் காணப்பட்டோருள் 87.5 விழுக்காட்டினர் ஐந்தாண்டு வாழ்ந்தனர் என்றும் நான்காம் கட்டத்தில் அவ்வெண் 23.3 விழுக்காடே என்றும் காட்டியது. கட்டி தோன்றியும் நாட்டுமருந்து, நேர்த்திக்கடன், அச்சம், நாணம் என்று திங்கள் பல கடத்தும் பெண்களுக்கு வேண்டுவது குறைவான சோதனையன்று. உரிய சோதனை, உடனே.

அதிகாரத்தின் முதற்குறள் கூறும் மிகுதலும் குறைதலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் அருகருகே வாழ்கின்றன என்பதே இதனால் பெறப்படுவது. முதற்சோதனைக்கு வராமலே காலங்கடத்துபவளும், வேண்டாத பத்தாம் சோதனைக்கு அனுப்பப்படுபவளும் ஒரே தெருவினர். சமூகச் சேமநலப் பாதுகாப்பு நிறுவனமாகிய பெர்க்கேசோ, 2013-இல் தொடங்கிய நலச்சோதனைத் திட்டத்தில் 40 வயது அடைந்த பெண் தொழிலாளர்க்கு மேமோகிராமையும் சேர்த்திருந்தது. குறியேதும் தோன்றாமுன்னரே செய்யப்படுவதாயினும் அது வீண் சோதனையன்று; அந்த வயதினர்க்கு அதனால் பயன் உண்டென்று நெடிய ஆய்வுகள் காட்டியுள்ளன. குறியின்றிச் செய்யும் சோதனையெல்லாம் தவறு என்று ஒரே கோட்டை இழுத்துவிட இயலாது. அளவறிதல் அத்துணை எளிதாயின் அதற்கென ஒரு குறள் வேண்டியிருந்திராது.

அளவறிந்து செயற்பட்ட ஓர் எடுத்துக்காட்டு கிள்ளானிலேயே உண்டு. தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் மலேசியப் புற்றுநோய் ஆய்வு அறவாரியத்தின் துணையோடு வழிகாட்டுநர் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. புதிய கருவி எதுவும் அதன் மையமன்று. நோய் ஐயுறப்பட்ட பெண்ணுக்குத் துணையாக ஒருவர் நிற்பார். எந்தச் சோதனை எதற்கு, எந்நாள், முடிவு எப்போது என்று அவளுக்குப் புரியும் மொழியில் சொல்வார். வராவிட்டால் அழைத்துக் கேட்பார். 2018-இல் வெளியான மதிப்பீட்டில், திட்டத்திற்கு முந்திய ஆண்டோடு ஒப்பிடுகையில், உரிய காலத்தில் மேமோகிராம் பெற்றோர் 74.4 விழுக்காட்டிலிருந்து 96.4 விழுக்காடாயினர், திசுச் சோதனை பெற்றோர் 76.1-இலிருந்து 92.5 ஆயினர். முடிவை உரிய காலத்தில் அறிவிக்கப்பெற்றோரும் 58.5-இலிருந்து 80 விழுக்காடாக உயர்ந்தனர்.

மருந்து அதிகாரத்தின் பத்தாம் குறள், மருத்துவத்தின் நான்கு உறுப்புகளாக நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு, அருகிருந்து பேணுபவரையும் எண்ணுகின்றது. மேடைகள் இதனையும் மிகுதியாக ஆளுவதில்லை. கிள்ளானில் அந்நான்காம் உறுப்பு வந்து சேர்ந்த ஆண்டில், மருத்துவத்தை இடையில் கைவிட்டுச் சென்ற பெண்கள் 11.5 விழுக்காட்டிலிருந்து 4.4 விழுக்காடாகக் குறைந்தனர்.